மலையாளி என்னும் பெயர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, கோமுகி அணையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. பல வளைவுகளைக் கடந்து அது வெள்ளிமலையை அடைகிறது. அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட மலைத்தொடரே கல்வராயன் மலை. சாமையும் தினையும் விளைவித்தும், கடுக்காயும் தேனும் சேகரித்தும் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்து வரும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். அவர்களுள் பலருடைய பெயர்களின் பின்னால் கவுண்டர் என்னும் பட்டமும் நிற்கக் காணலாம். 'மலையாளி', 'கவுண்டர்' என்னும் இவ்விரு சொற்களைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெயரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது, நானே செய்த ஒரு பிழை.

ஆசிரியப் பணியில் நான் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மலையிலிருந்து ஒரு சிறுவனை அழைத்துக்கொண்டு அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. "என்ன சமூகம்?" என்று கேட்டேன். "மலையாளிங்க" என்றார். அவ்வாறே எழுதினேன். அடுத்த கட்டத்தில் தாய்மொழியைக் குறிக்க வேண்டும். அதை அவரிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. 'மலையாளம்' என்று எழுதி முடித்துவிட்டேன்! ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் மலையிறங்கி வந்தார். படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். "வாத்தியாரய்யா, நாங்க பேசறது தமிழுங்க. எங்க பாட்டன் பூட்டனும் தமிழுதாங்க. பையன் தாளில மாத்தி எழுதியிருக்குதாம்" என்று தணிந்த குரலில் கூறினார். அவர் பேச்சில் சினம் இல்லை. ஆயினும், ஒரு நாள் கூலியை இழந்து, மலையிறங்கி வந்து, என் பிழையைத் திருத்த வேண்டியவராக நின்றவர் அவர். அன்று நான் அடைந்த நாணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

என் பிழை எங்கிருந்து பிறந்தது? ஒரே சொல் இரு வேறு மக்களைக் குறிப்பதிலிருந்து பிறந்தது. கேரள நாட்டில் வாழ்ந்து மலையாள மொழி பேசுவோரும் மலையாளிகளே. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது, ஏலகிரி ஆகிய மலைகளில் வாழ்ந்து தமிழ் பேசும் பழங்குடியினரும் மலையாளிகளே. இரு பெயர்களுக்கும் வேர் 'மலை' என்னும் சொல்தான். ஆனால் முன்னது ஒரு மொழிக்கும் நாட்டுக்கும் உரியவரைக் குறிக்கிறது. பின்னது மலையில் வாழ்வோரைக் குறிக்கிறது.

'ஆளி' என்னும் ஈற்றை நோக்குங்கள். தொழிலை உடையவர் தொழிலாளி. முதலை உடையவர் முதலாளி. கடனை உடையவர் கடனாளி. அறிவை உடையவர் அறிவாளி. அந்த முறையில் மலையாளி என்பவர் யார்? மலையை உடையவர்! எளிய சொல்தான், ஆனால் அதனுள் பெரிய உரிமை ஒன்று அடங்கியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் மீண்டும் இதனிடம் வருவோம்.

இம்மக்கள் எப்போது மலைக்கு வந்தார்கள்? அவர்களிடையே வழங்கும் கதை ஒன்று உண்டு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர்கள் என்றும், நாட்டில் நேர்ந்த குழப்பத்தால் அங்கிருந்து புறப்பட்டவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்று மலைகளில் குடியேறினர் என்றும் அக்கதை கூறுகிறது. அம்மூவரின் பெயர்கள் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பனவாம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலிலும் இம்மரபுக் கதை இடம்பெற்றிருக்கிறது. கல்வராயன் மலையில் கரியராமரை வழிபடுவோர், அத்தெய்வமும் காஞ்சியிலிருந்து தம்மோடு வந்ததாகவே கூறுவர்.

கதையை வரலாறு என்று கொள்ளலாகாது. பெரியவன், நடுவன், சின்னவன் என்னும் பெயர்களே அது கதைக்குரிய அமைப்பு என்பதைக் காட்டிவிடுகின்றன. ஆயினும் அதைத் தள்ளிவிடவும் கூடாது. வெவ்வேறு மலைகளில், ஒன்றுக்கொன்று பல கல் தொலைவில் வாழும் மக்கள், தாங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்பி வந்திருக்கிறார்கள் என்பதற்கு அக்கதை சான்று. அவர்கள் பேசும் தமிழும் அவ்வுறவுக்குச் சான்றாகிறது.

இனிக் கவுண்டர் என்னும் பட்டத்துக்கு வருவோம். கன்னட நாட்டுப் பழங்கல்வெட்டுகளில் 'காவுண்ட', 'காமுண்ட' என்னும் சொற்கள் ஊர்த் தலைவரைக் குறித்து வருகின்றன. கொங்கு நாட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'காமிண்டன்' என்னும் வடிவத்தைக் காண்கிறோம். கருநாடகத்தில் இன்று வழங்கும் 'கவுடா' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 1996-இல் இந்தியாவின் தலைமை அமைச்சரான தேவகவுடாவின் பெயரிலும் அந்தப் பழைய ஊர்த் தலைவர் மறைந்து நிற்கிறார்.

ஆகவே கவுண்டர் என்பது தொடக்கத்தில் ஒரு குலத்தின் பெயர் அன்று. ஒரு பொறுப்பின் பெயர். பொறுப்பின் பெயராக இருந்ததனால்தான் பல சமூகத்தார் அதனை ஏற்றனர். கொங்கு வேளாளர், வேட்டுவர், ஊராளிகள், குரும்பர், சேலம் தருமபுரிப் பகுதி வன்னியர், மலையாளிகள் எனப் பலரிடையே இப்பட்டம் வழங்கக் காண்கிறோம். பட்டம் ஒன்றாயிருப்பதனால் இவர்கள் அனைவரும் ஒரே குலத்தார் ஆகிவிடமாட்டார்கள். மராட்டியத்தில் பாட்டீல், குசராத்தில் படேல் என்னும் பெயர்களும் இத்தகையனவே. அவையும் ஊர்த் தலைமையைக் குறித்துப் பிறந்து, பின்னர்க் குடும்பப் பெயர்களாக நிலைத்தவை.

கல்வராயன் மலையில் இப்பட்டம் மற்றொரு வடிவும் பெற்றது. மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூவர் பெயரால் மூன்று சாகிர்களாக வழங்கி வந்தது. மனிதரின் பெயர் நிலத்தின் பெயராயிற்று! ஊர்க் கவுண்டர் ஊர் வழக்குகளைத் தீர்க்க, சாகிர்தார் மலையின் வரியைத் தண்டினார். நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னும் இம்முறை அங்கே உடனே மறையவில்லை. 1976-ஆம் ஆண்டில்தான் அம்மலை சாகிர்தார்களிடமிருந்து அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. நமது நாட்டின் பிற பகுதிகளில் ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்த காலம் அது.

கடல் கடந்த நாடுகளில் இதே சொல் வேறோர் பயணம் செய்தது. 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்துகொண்டு தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. பிசித் தீவுகளுக்கு 1903 முதல் 1916 வரை தென்னிந்தியத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். ஊரில் ஒருவருக்குப் பட்டமாக இருந்த சொல், அந்நாடுகளில் குடும்பப் பெயராக இறுகிவிட்டது. இன்றும் அங்கே 'கவுண்டன்', 'கவுண்டர்' என்னும் குடும்பப் பெயர்களைத் தாங்கியவர்கள் இருக்கிறார்கள். தமிழில் மரியாதை குறிக்கும் 'அர்' ஈறும், அது இல்லாத 'அன்' ஈறும் அங்கே வெறும் எழுத்து வேறுபாடாக நின்றுவிட்டன.

தமிழ்நாட்டிலோ இதற்கு எதிரான மாற்றம் நிகழ்ந்தது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்னெழுத்தாக நிற்கிறது. உலகில் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. வடகோடியில் உள்ள ஐசுலாந்து நாட்டிலும் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது; இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றே பெயர் அமைகிறது. எனவே பள்ளிப் பதிவேட்டில் பட்டத்தைக் கண்டு ஒருவரை அறிய முடியாது. பட்டம் இல்லாமையைக் கண்டும் அறிய முடியாது.

மலையாளிகள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்கலாம். 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படித் தமிழ்நாட்டில் 3,10,042 பேர். 2011-இல் 3,57,980 பேர். அதே 2011-இல் தமிழ்நாட்டின் பழங்குடியினர் தொகை 7,94,697. ஏறத்தாழ 100-க்கு 45 பேர் மலையாளிகள். நம் மாநிலத்தின் பழங்குடிகளுள் தொகையால் பெரியவர்கள் இவர்களே. ஆனால், இந்த எண்ணிக்கைக்குள்ளும் பெயர் ஒரு வேலை செய்கிறது. அதைச் சற்று விளக்குகிறேன்.

அரசமைப்பின் கீழ் வெளியிடப்பட்ட பழங்குடியினர் பட்டியலில், தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் உள்ள மலையாளிகள் என்று எழுதப்பட்டிருக்கிறது. இவற்றுள் தென் ஆர்க்காடு என்னும் மாவட்டம் இன்று இல்லை. 1993-இல் அதிலிருந்து விழுப்புரம் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மறைந்துபோன மாவட்டத்தின் பெயரே இன்றும் கல்வராயன் மலைச் சிறுவனின் சான்றிதழுக்கு அடிப்படையாக நிற்கிறது! மறுபுறம், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். அம்மலை முன்னர்க் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூரின் பெயர் அப்பட்டியலின் இவ்வரியில் இல்லை. அதனால், அதே பெயரும் அதே வாழ்வும் உடைய அம்மக்கள், தங்களையும் பழங்குடியினராக ஏற்குமாறு நெடுங்காலம் கோரிக்கை எழுப்பி வந்திருக்கிறார்கள்.

இதனால் விளையும் வேறுபாடு சிறிதன்று. கல்வி உதவியும் வேலை ஒதுக்கீடும் ஒருபுறமிருக்க, நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பழங்குடியினர் 2005 திசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்பிருந்தே அக்காட்டு நிலத்தில் வாழ்ந்து பயிர் செய்து வந்ததைக் காட்டினால் உரிமை கோரலாம். பட்டியலில் இல்லாத பிறரோ, அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அக்காட்டைச் சார்ந்து வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். எழுத்தறியாத உழவர் 75 ஆண்டுக் காலத்துக்கு எந்தத் தாளைக் காட்டுவார்? ஒரு பெயர் பட்டியலில் இருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒரு குடும்பத்தின் நிலத்தையே முடிவு செய்யக்கூடும் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

மலையாளி என்றால் மலையை உடையவர் என்று முன்னர்க் கண்டோம். அம்மலைக்குச் சாகிர்தார்கள் உரிமை பாராட்டினார்கள்; காட்டு இலாகாவும் உரிமை கொண்டாடிற்று. பெயரில் இருந்த உரிமை நெடுநாள் பெயரளவிலேயே நின்றது. அதனை நிலத்தில் காண்பதற்கு அம்மக்கள் இன்னும் சான்றிதழ்களோடும் பட்டாக்களோடும் அலைய வேண்டியிருக்கிறது. அவ்வலைச்சலில் எழுதுகோலைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் தவறாக ஒரு சொல்லை எழுதிவிட்டால், அதன் சுமை முழுவதும் அவர்கள் தோளிலேயே விழுகிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஆசிரியர்களாகவும், கிராம நிருவாக அலுவலர்களாகவும், வட்டாட்சியர்களாகவும் அமர்வீர்கள். பெயர்களை எழுதும் எழுதுகோல் உங்கள் கைக்கு வரும். அப்பொழுது ஒரு பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அதற்கு உரியவரை அறிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். பட்டத்தைக் கண்டு குலத்தையும், சொல்லின் ஓசையைக் கண்டு மொழியையும் முடிவு செய்துவிடாதீர்கள். எதிரே நிற்பவரிடம், "உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும்? நீங்கள் வீட்டில் பேசும் மொழி எது?" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

நான் அந்த நிமிடத்தைச் செலவிடவில்லை. ஆகவே ஒரு தந்தை ஒரு முழு நாளைச் செலவிட்டார். படிவத்தை அன்றே திருத்தினேன். அச்சிறுவன் அடுத்த ஆண்டு என் வகுப்பில் அமர்ந்து, பிழையில்லாத தமிழில் தன் பெயரையும், தன் தந்தையின் பெயரையும், தன் மலையின் பெயரையும் எழுதிக் காட்டினான். பிழை செய்த ஆசிரியனுக்கு அதைவிட நல்ல பாடம் வேறு என்ன வேண்டும்?