ஐம்பது மணி நேரம்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் கூறினர். அது அலங்காரத்திற்காகச் சொல்லப்பட்ட மொழியன்று. நோவு கண்டு உள்ளறைக்குள் சென்ற பெண் மீண்டும் நடந்து வெளியே வருவாளோ என்பது நிச்சயமில்லாதிருந்த காலத்தில், கண்டும் கலங்கியும் பிறந்த மொழி அது. குடிசையில் வாழ்ந்தவளுக்கும் மாளிகையில் வாழ்ந்தவளுக்கும் இந்நிலை பொதுவாகவே இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஓர் இளவரசிக்கு நேர்ந்த கதை அதற்குச் சான்றாகும். அவள் பட்ட நோவு ஐம்பது மணி நேரம் நீடித்தது. அந்த ஐம்பது மணி நேரத்திலும் அவளருகே வைத்தியர் இருந்தார், மருத்துவிச்சி இருந்தாள், கணவர் இருந்தார், கருவிகளும் இருந்தன. எல்லாம் இருந்தும் அவள் பிழைக்கவில்லை. ஏன் என்று ஆராய்வது இன்றும் பயன்தருவதாகும்.

அவள் பெயர் சார்லட். பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசரின் ஒரே மகள். 1796ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி பிறந்தவள். அக்காலத்தில் பாட்டனாரான மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தம் கலங்கியிருந்தார். தந்தையே ஆட்சிப் பொறுப்பை நடத்தி வந்தார். தந்தைக்குப் பின் அரியணை ஏற வேண்டியவள் சார்லட்டே. மன்னருக்குப் புதல்வர்கள் பலர் இருந்தும், முறைப்படி பிறந்த பேரப்பிள்ளை அவள் ஒருத்திதான். ஆகவே நாட்டு மக்கள் தம் நம்பிக்கை முழுவதையும் அவள்மீது வைத்திருந்தனர். 1816ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மானிய இளவரசரான லியோபோல்டை அவள் மணந்தாள். இலண்டனுக்குத் தென்மேற்கே கிளேர்மொன்ட் என்னும் மாளிகையில் இருவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர். முதலிரு கருக்களும் தங்காமற் போயின. மூன்றாவது கரு நிலைத்தது. இலங்கையில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்று அப்போது இரண்டாண்டுகளே கழிந்திருந்தன.

இளவரசியைப் பார்க்கும் பொறுப்பு சர் ரிச்சர்ட் குரொஃப்ட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்குடி மாதர்களுக்குப் பிள்ளைப்பேறு பார்ப்பதில் அவர் புகழ்பெற்றவர். அக்கால வழக்கப்படி, கர்ப்ப காலத்தில் இளவரசிக்கு உணவைக் குறைத்தார். இடையிடையே இரத்தமும் எடுத்தார். லியோபோல்டின் சொந்த வைத்தியரான ஸ்டொக்மர் என்னும் இளைஞருக்கு இம்முறை பிடிக்கவில்லை. ஆயினும் தாம் அந்நிய நாட்டவர் என்றும், ஏதேனும் பிழை நேர்ந்தால் பழி தம்மீது விழும் என்றும் கருதி அவர் விலகி நின்றார். அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளும், குரொஃப்ட் எழுதிய குறிப்புகளும் பிற்காலத்தார் இவ்வரலாற்றை அறியத் துணைசெய்தன.

ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதியளவில் பிள்ளை பிறக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. அந்நாள் கடந்தது. மேலும் இரண்டு வாரங்கள் சென்றபின், நவம்பர் 3ஆம் திகதி மாலை ஏழு மணியளவில் பன்னீர்க்குடம் உடைந்து நோவு தொடங்கிற்று. மரபுப்படி அமைச்சர்களுக்கும் கன்ரபெரிப் பேராயருக்கும் ஆள் அனுப்பப்பட்டது. அரசுரிமைக்குரிய பிள்ளையின் பிறப்புக்கு அவர்கள் சாட்சிகளாக இருத்தல் வேண்டும். அவர்கள் வந்து அடுத்த அறையில் அமர்ந்தனர். ஆனால் பெற்ற தாய் அருகில் இல்லை. அவள் கணவனோடு பிணங்கி இத்தாலியில் வாழ்ந்தாள். தந்தையும் அயலில் இல்லை. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்தவர் கணவர் லியோபோல்ட் ஒருவரே.

முதலிரவு கழிந்தது. மறுநாட் பகலும் கழிந்தது. நோவு வந்தது, ஆனால் வலுவாகவும் ஒழுங்காகவும் வரவில்லை. கருப்பையின் வாய் முற்றாகத் திறப்பதற்கு 26 மணி நேரம் சென்றது. 4ஆம் திகதி இரவு ஒன்பது மணி ஆயிற்று. இனித் தாய் முக்கிப் பிள்ளையை வெளிக்கொணர வேண்டிய கட்டம். இக்கட்டம் தலைப்பிள்ளைக்காரிக்கும் சில மணி நேரத்தில் முடிவதே இயல்பு. சார்லட்டுக்கோ அது மேலும் 24 மணி நேரம் நீடித்தது.

இடையில், ஆயுதம் கொண்டு பிள்ளையை எடுக்க நேரலாம் எனக் கருதிய குரொஃப்ட், ஜோன் சிம்ஸ் என்னும் மற்றொரு வைத்தியருக்கு ஆளனுப்பினார். 5ஆம் திகதி அதிகாலையில் சிம்ஸ் வந்து சேர்ந்தார். ஆனால் அவர் இளவரசியின் அறைக்குள் அழைத்துச் செல்லப்படவில்லை. பிள்ளையின் தலையைப் பற்றி இழுக்கும் குறடு ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தது, அதுவும் எடுக்கப்படவில்லை. இயற்கை தன் வேலையைச் செய்யட்டும் என்று வைத்தியர்கள் காத்திருந்தனர். பகலில் கருநீர் பச்சை நிறமாகக் கசிந்தது. உள்ளே பிள்ளை துன்பப்படுவதற்கு அது ஓர் அறிகுறி. அப்போதும் காத்திருந்தனர்.

இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் மகவு, ஒன்பது இறாத்தல் நிறை, பார்வைக்கு அழகிய பிள்ளை. உயிர்தான் இல்லை. உயிர்ப்பிக்கச் செய்த முயற்சிகள் எவையும் பலிக்கவில்லை. துயரச் செய்தியைச் சார்லட் அமைதியோடு தாங்கிக்கொண்டாள். அது கடவுள் சித்தம் என்று மற்றவர்களைத் தேற்றவும் செய்தாள். கருப்பை நடுவே சுருங்கிக் கொண்டமையால் நஞ்சுக்கொடி தானாக வெளிவரவில்லை. குரொஃப்ட் கையாலேயே அதனை அகற்ற வேண்டியதாயிற்று. இரத்தமும் போயிற்று. ஆயினும் ஆபத்து நீங்கிவிட்டதென எல்லோரும் எண்ணினர். இரண்டு நாள் கண்ணயராதிருந்த லியோபோல்ட் மருந்து உண்டு உறங்கச் சென்றார்.

நள்ளிரவுக்குப் பின் சார்லட்டின் நிலை மாறியது. வாந்தி எடுத்தாள், காதில் இரைச்சல் கேட்பதாகச் சொன்னாள், உடல் குளிர்ந்தது, மூச்சு வாங்கியது. அதுவரை விலகி நின்ற ஸ்டொக்மரையும் அழைத்தனர். அவர் வந்தபோது செய்வதற்கு ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. நவம்பர் 6ஆம் திகதி விடியுமுன், இரண்டரை மணியளவில், அவள் உயிர் நீத்தாள். உறங்கிய கணவரை எழுப்பி அச்செய்தியைச் சொல்லும் கொடுமையும் ஸ்டொக்மருக்கே வாய்த்தது.

நாடு முழுவதும் துக்கம் கொண்டாடியது. கடைகளிலே கறுப்புத் துணி கிடைக்காத அளவுக்கு ஏழைகளும் துக்க உடை பூண்டனர். துக்கம் விரைவில் சினமாக மாறிற்று. குரொஃப்ட் பழிக்கப்பட்டார். அரச குடும்பத்தார் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை; ஆனால் அவருடைய மனமே அவரைக் குற்றஞ்சாட்டியது. மூன்று மாதங்களின் பின்னர், 1818ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், வேறொரு மாதின் நீண்ட பிரசவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரவிலே அவர் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். தாய், சேய், வைத்தியர் என மூன்று உயிர்கள் ஒரு பிரசவத்தால் மடிந்தன. 1951ஆம் ஆண்டில் சர் எர்ட்லி ஹொலண்ட் என்னும் மகப்பேற்று நிபுணர் இவ்வரலாற்றை ஆராய்ந்து, மும்மடங்குத் துயரம் என்றே அதற்குப் பெயரிட்டார்.

குரொஃப்ட் அறிவில்லாதவரோ அக்கறையற்றவரோ அல்லர். ஐம்பது மணி நேரமும் நோயாளியின் பக்கத்திலேயே இருந்தவர். அவர் தாமஸ் டென்மன் என்னும் பெரும் ஆசிரியரின் மருமகன். அவ்வாசிரியரின் போதனையில் வளர்ந்தவர். முந்திய தலைமுறையில் பல வைத்தியர்கள் அவசரப்பட்டுக் குறடைப் பயன்படுத்தித் தாய்க்கும் சேய்க்கும் பெருங்காயம் விளைத்திருந்தனர். மயக்க மருந்தும் கிருமி ஒழிப்பும் அறியாத காலம் அது. ஆகவே கூடியவரை இயற்கைக்கு இடங்கொடுக்க வேண்டும் என்று டென்மன் கற்பித்தார். அப்போதனை நல்லதே, பல உயிர்களைக் காத்ததே. ஆயினும் மாணவர்கள் அதனை ஆசிரியரிலும் கடுமையாகப் பின்பற்றினர். பொறுமை என்பது ஒரு வழிமுறை என்ற நிலை மாறி, அதுவே கொள்கையாகிவிட்டது. எவ்வளவு நேரம் பொறுப்பது, எந்த அறிகுறி கண்டதும் பொறுமையைக் கைவிடுவது என்ற எல்லை அவர்கள் மனத்தில் வரையப்படவில்லை. ஒவ்வொரு மணிநேரமும் அடுத்த மணிநேரத்தைப் பார்ப்போம் என்றே கழிந்தது. குரொஃப்டின் உண்மையான தவறு காத்திருந்தமையன்று, எல்லையின்றிக் காத்திருந்தமையே.

சார்லட்டின் மரணத்தால் அரசுரிமைக்கு அடுத்த தலைமுறையில் ஆளில்லாமற் போயிற்று. மன்னரின் மணமாகாத புதல்வர்கள் விரைந்து மணம் முடித்தனர். அவர்களுள் ஒருவரான கென்ற் கோமகன் லியோபோல்டின் சகோதரியை 1818இல் மணந்தார். 1819ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி அவர்களுக்குப் பிறந்த மகளே விக்டோரியா. 1837 முதல் 1901 வரை இலங்கையும் எந்த மகாராணியின் ஆட்சிக்குட்பட்டிருந்ததோ, அந்த மகாராணி பிறந்ததே இத்துயரத்தின் பின்விளைவாகும். அவ்விக்டோரியா 1853ஆம் ஆண்டில் தம் எட்டாவது பிள்ளையைப் பெற்றபோது, ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர் குளோரோபோம் கொடுத்து நோவைத் தணித்தார். நோவைத் தணிக்கும் வழி இவ்வாறு திறந்தது. நேரத்தை அளக்கும் வழி திறப்பதற்கு மேலும் நூறாண்டுகள் சென்றன.

1954ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் இமானுவெல் ஃப்ரீட்மன் என்னும் வைத்தியர், நோவு தொடங்கியதிலிருந்து கருப்பையின் வாய் மணிக்கு மணி எவ்வளவு திறக்கிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டினார். அக்கோட்டை ஓர் எச்சரிக்கைக் கருவியாக்கியவர்கள் ஆபிரிக்காவில் பணியாற்றிய பில்பொட், காசில் என்னும் இருவராவர். அப்போது ரொடீசியா எனப்பட்ட, இன்று சிம்பாப்வே என வழங்கும் நாட்டில், வைத்தியர் இல்லாத சிறு நிலையங்களில் மருத்துவிச்சிகளே பிரசவம் பார்த்தனர். பெரிய வைத்தியசாலையோ தொலைவில் இருந்தது. அம்மருத்துவிச்சிகளுக்காக அவர்கள் 1972ஆம் ஆண்டில் ஒரு தாளில் இரண்டு கோடுகளை வரைந்து கொடுத்தனர். முதலாவது, எச்சரிக்கைக் கோடு. பிரசவத்தின் போக்கு அதனைத் தாண்டிப் பின்தங்கினால், தாயைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, செயற்கோடு. அது முதலாவதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வரையப்பட்டது. அதனை எட்டினால், வைத்தியர் இனி என்ன செய்வதெனத் தீர்மானித்தேயாக வேண்டும். இடையிலுள்ள நான்கு மணி நேரம் வழிப்பயணத்திற்காக ஒதுக்கப்பட்ட நேரம். கிராமத்திற்கும் வைத்தியசாலைக்கும் இடையேயுள்ள தூரமே அத்தாளில் கோடாக வரையப்பட்டது எனலாம்.

உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஏற்று, இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் 35,484 தாய்மாரிடம் பரிசோதித்தது. 1994இல் வெளிவந்த முடிவின்படி, 18 மணி நேரத்திற்கு மேல் நீடித்த பிரசவங்கள் நூற்றுக்கு 6.4 என்ற நிலையிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. புதுமருந்து எதுவும் இதற்குக் காரணமன்று. ஒரு தாளும் ஒரு பென்சிலும் ஓர் ஒழுங்குமே காரணம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே வேகம் பொருந்தாது என்று கண்டபின், 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அவ்வரைபடத்தையும் திருத்தி அமைத்தது. மெதுவாகச் செல்லும் ஒவ்வொரு பிரசவமும் ஆபத்தானதன்று. அவசரமாகக் கத்தியை எடுப்பதும் தவறே. எனினும் கவனித்து எழுதுதலும், குறித்த இடத்தில் தீர்மானித்தலும் மாறவில்லை.

இலங்கையில் 1879ஆம் ஆண்டில் கொழும்பில் த சொய்சா பிரசவ வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்சி பெற்ற மருத்துவிச்சியைக் கிராமத்து வாசலுக்கே கொண்டுவந்தது. இன்று இந்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன. கர்ப்பிணியின் வீட்டைத் தேடிவந்து, நிறை பார்த்து, அட்டையில் குறித்துச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் பணி சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். கிளேர்மொன்ட் மாளிகையில் பேராயரும் அமைச்சர்களும் நிரம்பியிருந்தும் இல்லாமற்போன ஒன்றை அந்த அம்மையார் தம் பையிலே கொண்டுவருகிறார். எப்போது தாமதிக்கலாம், எப்போது தாமதிக்கக் கூடாது என்ற அறிவே அது.

வீட்டாருக்கும் இதிற் பங்குண்டு. நோவு எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, பன்னீர்க்குடம் எப்போது உடைந்தது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நீர் பச்சையாகக் கசிந்தாலும், இரத்தம் கண்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், நல்ல நேரம் பாராமல், விடியட்டும் என்றிராமல், வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சார்லட்டின் அறையிலும் ஒரு கடிகாரம் இருந்திருக்கும். அது ஐம்பது முறை மணியடித்தது. எந்த மணியிற் காத்திருத்தலை நிறுத்துவது என்பதை மட்டும் அங்கே ஒருவரும் முன்கூட்டித் தீர்மானித்திருக்கவில்லை.