ஸ்பெயினில் கிடைத்த படச்சுருளும் என் பெரியப்பாவும்

(தென்காசி – இலஞ்சி சாலையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நண்பர்கள் நடத்திய திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)



சாரல் விழுகிற ஞாயிற்றுக்கிழமை. ஊரே துண்டோடு குற்றாலத்தில் நிற்கும்போது, நீங்கள் முப்பது பேர் இந்த மாடியில் உட்கார்ந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை முழுதாகப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையே இல்லையே?" அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் பார்த்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை எடுத்தவர் சார்லஸ் பர்னெட். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 1965இல் காவல்துறை அடக்குமுறைக்கு எதிராகக் கொந்தளித்த அதே வாட்ஸ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்பட மாணவராக இருந்தபோது தன் படிப்புக்காக எடுத்த படம் இது. வாரக் கடைசியில்தான் படப்பிடிப்பு. நடித்தவர்களில் பலர் நண்பர்கள், அக்கம்பக்கத்தார். மொத்தச் செலவு பத்தாயிரம் டாலருக்கும் குறைவு.

நாயகன் ஸ்டான் ஆடு வெட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறான். இரவில் தூக்கம் வருவதில்லை. நண்பனோடு சேர்ந்து காசு புரட்டி ஒரு பழைய கார் இன்ஜின் வாங்குகிறான். மூச்சு முட்ட மாடிப்படியில் இறக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். கயிறு போட்டுக் கட்டவில்லை. வண்டி நகர்ந்ததும் இன்ஜின் கீழே விழுந்து உடைகிறது. அந்தக் காட்சியில் இங்கே இரண்டு மூன்று பேர் "அடடா" என்றீர்கள். கேள்வி கேட்ட தம்பியும்தான். கதை அங்கேதான் இருக்கிறது தம்பி. சேர்த்த காசு ஒரு நிமிடத்தில் போவது நம் வீடுகளிலும் நடந்ததுதானே? அதைப் படமாகப் பார்த்து நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைப் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் முறையாகத் திரையரங்குக்கு வந்தது 2007இல்தான். படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணம் இல்லை. பத்தாயிரம் டாலருக்குள் எடுத்த படத்துக்குப் பாடல் உரிமை மட்டும் 1,50,000 டாலர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கல்லூரி அரங்குகளிலும் விழாக்களிலும் மட்டுமே ஓடிய படம் இது.

நமக்குத் தெரிந்த கறுப்பின நாயகர்கள் யார்? முகமது அலி, மால்கம் எக்ஸ், மைக்கேல் ஜாக்சன், அப்புறம் வகாண்டா அரசன். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். அலி படம் போட்ட டீ-ஷர்ட் என்னிடமும் உண்டு. நம் இயக்கத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு டீ-ஷர்ட்டுக்கு முந்தையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பும் மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் மும்பையில் தலித் இளைஞர்கள் பிளாக் பேந்தர்களைப் பார்த்துத் தங்களைச் சிறுத்தைகள் என்றார்கள். ஆனாலும் நம் கைக்கு வந்து சேர்கிற நாயகர்கள் பெரும்பாலும் விற்க முடிந்தவர்கள். விற்காதவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

நான் தேடிப்போன ஒருவர் கேத்லீன் காலின்ஸ். 1982இல் 'லூசிங் கிரவுண்ட்' என்ற படத்தை எடுத்தார். நாயகி ஒரு தத்துவப் பேராசிரியர், கறுப்பினப் பெண். படிக்கிறாள், எழுதுகிறாள், கணவனோடு சண்டை போடுகிறாள். அவளை யாரும் சாட்டையால் அடிப்பதில்லை. அந்தப் படத்துக்கு அன்று திரையரங்கு கிடைக்கவில்லை. காலின்ஸ் 1988இல் 46 வயதில் இறந்துபோனார். மகள் நினா படச்சுருளை மீட்டு, சரிசெய்யப்பட்ட பிரதி 2015இல்தான் திரைக்கு வந்தது. இந்தப் படத்தை விடுதி அறையில் லேப்டாப்பில் பார்த்தேன். நம்மைப் பற்றிய படம் என்றாலே அடியும் ரத்தமும்தான் என்று நானும் பழகியிருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது. ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் ஒரு தலித் பெண்ணைத் தமிழ்ப் படத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னும் பின்னால் போவோம். 1915இல் 'பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. கறுப்பின மக்களைக் கொன்ற கு கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களாகக் காட்டிய படம். திரைப்பட வகுப்புகளில் இன்றும் பாடம். ஐந்தாண்டு கழித்து, அடிமைகளாக இருந்தவர்களின் மகன் ஆஸ்கர் மிஷோ, 'விதின் அவர் கேட்ஸ்' எடுத்தார். கறுப்பினக் குடும்பத்தை வெள்ளைக் கும்பல் தூக்கிலிடுவதை அதில் காட்டினார். கலவரம் வரும் என்று சிகாகோ தணிக்கையாளர்கள் மறுத்தார்கள். பிறகு படமே காணாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயின் நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. மௌனப் படத்தின் எழுத்துகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில். அவற்றைத் திரும்ப ஆங்கிலமாக்கி 1993இல் மீட்டார்கள். கறுப்பினத்தவர் இயக்கிய முழுநீளப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான்.

அந்த ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லாத கதையைச் சொல்கிறேன். பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதி. உங்களில் பலருக்கு மலைக்கு அந்தப் பக்கம் உறவினர்கள் உண்டு. அந்தத் திருவிதாங்கூரில் எடுத்த, மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. இயக்கியவர் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டேனியல். நாயகி பி.கே.ரோசி, புலையர் சமூகத்துப் பெண். புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகம் ஆடத் தெரிந்தவர். ஒரு நாயர் பெண்ணாக நடித்தார். தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததைப் பொறுக்க முடியாதவர்கள் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்றும், லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பி, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார் என்றும் சொல்கிறார்கள். படத்தின் பிரதி இல்லை. ரோசியின் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு புகைப்படம் இல்லை. டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது தருகிறது. ரோசியின் பெயரை நம்மில் பலர் கேட்டது 2023 பிப்ரவரியில் கூகுள் அவரை வரைந்தபோதுதான்.

அதே பிப்ரவரியில் நெல்லை தங்கராசு இறந்தார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பாவாக வந்தவர். வாழ்நாளெல்லாம் பெண் வேடம் கட்டி ஆடிய கலைஞர். அந்தப் படத்தில் அவரை விரட்டி வேட்டியை உருவும் காட்சியை நான் திரையரங்கில் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெரியப்பா ராஜா ராணி ஆட்டத்தில் ராணி வேஷம் கட்டுவார். கொடைக் காலத்தில் நையாண்டி மேள செட்டோடு ஊர் ஊராகப் போவார். மீதி நாளில் செங்கல் சூளை வேலை. நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தோழிகள் சீசனுக்குக் குற்றாலம் வந்தார்கள். தென்காசி பேருந்து நிலையத்தில் பெரியப்பா எதிரே வந்துவிட்டார். கையில் வேஷப் பை, கன்னத்தில் கழுவாத அரிதாரம். "ஏ தாயி, சாப்டியா?" என்றார். "யாருடி?" என்று தோழி கேட்டாள். "எங்க ஊர்க்காரர்" என்றேன். பெரியப்பாவுக்குக் கேட்டிருக்கும். சிரித்துவிட்டுப் போனார். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

கொரோனாவால் இரண்டு வருடம் கொடை நடக்கவில்லை. 2021இல் பெரியப்பா இறந்தார். தலைமாட்டில் வைக்கப் படம் தேடினோம். வாக்காளர் அட்டைப் படம்தான் இருந்தது. முப்பது வருடம் ஆடிய மனிதருக்கு ஆடுகிற படம் ஒன்றுகூட இல்லை. அப்போது என் ஹார்டு டிஸ்க்கில் அறுபது கறுப்பினப் படங்கள் இருந்தன. மேலகரத்துக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி நமக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தது; அதைப் பாடியதற்குக் குறவஞ்சிமேடு என்று நிலமே மானியமாகக் கிடைத்தது என்பார்கள். அதே மண்ணில் விடிய விடிய ஆடியவரின் பாட்டு ஒரு வரியும் எங்கும் பதிவாகவில்லை. பதிவு செய்திருக்க வேண்டியவள் நான். போன் என் கையில்தான் இருந்தது.

சாதியும் நிறவெறியும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்கர் என்றாலே போதைப்பொருள் வில்லன் என்று காட்டும் தமிழ்ப் படத்துக்குக் கைதட்டிவிட்டு, அலி டீ-ஷர்ட் போடுவதிலும் அர்த்தமில்லை. கறுப்பினத் தோழர்களிடமிருந்து நான் கற்றது ஒன்றுதான்: நம் ஆட்களின் சாதாரண நாளும் பாதுகாக்க வேண்டிய ஆவணம். காலின்ஸின் படத்தை மீட்டது மகள்தான். எந்த அரசும் முதலில் வரவில்லை.

அதனால் ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் மேளம் அடித்தவர், வேஷம் கட்டியவர், வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர் இருப்பார். கேட்டு, சம்மதம் வாங்கி, போனில் பதிவு செய்யுங்கள். அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். யாரிடம் கற்றார், எந்த ஊர்களில் ஆடினார், என்ன கூலி என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எந்த ஊரில் திண்ணையில் சோறு போட்டார்கள், எந்த ஊரில் மாட்டுத் தொழுவத்தில் படுக்கச் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுங்கள். அவர் பிள்ளையும் அதே தொழிலுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். கலையை மதிப்பது வேறு, சாதி கட்டிவைத்த தொழிலில் ஒருவரைப் பிடித்து வைப்பது வேறு.

நானும் தொடங்கிவிட்டேன். பெரியப்பாவின் சலங்கை பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய சேலையில் சுற்றியிருக்கிறது. போன வாரம் பெரியம்மா பேசியது 42 நிமிடம். பெரியப்பா பாடிய பாட்டில் பாதிதான் நினைவிருக்கிறது அவருக்கு. மீதி, செட்டில் தவில் வாசித்தவருக்குத் தெரியுமாம். கடையநல்லூர் பக்கம் இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல். நாளைக் காலையில் அவரைப் பார்க்கப் போகிறேன்.

அடுத்த மாதம் இதே மாடியில் 'லூசிங் கிரவுண்ட்' போடுகிறோம். அதற்கு முன் பத்து நிமிடம் நீங்கள் எடுத்துவரும் பதிவுகளுக்கு.