உப்பா, நொதியா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2010-ல் இங்கே கெமிக்கல் முடித்தவன் நான். இப்போது பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர் நொதிகளை மாற்றியமைக்கும் வேலை. "தண்ணி பாட்டிலை நொதி தின்னுமா சார்?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். தின்னும். மக்கிய இலைதழை உரத்தில் கிடைத்த மரபணுவிலிருந்து அப்படியொரு நொதியை ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் 2012-ல் அறிவித்தார்கள். பிரான்சின் துலூஸ் குழுவினர் அதில் நான்கே அமினோ அமிலங்களை மாற்றினார்கள். அது 72 டிகிரி வெப்பத்தில், 10 மணி நேரத்தில் பாட்டில் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்தை மூலப்பொருளாகப் பிரித்தது என்று 2020-ல் எழுதினார்கள்.

எங்கே மாற்றுவது, மாற்றியது சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க நொதியைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். பனங்கற்கண்டு கதைதான். மெல்லச் செறிந்தால் படிகம், அவசரப்பட்டால் கசடு. ஒரு மைக்ரோலிட்டர் நொதி, ஒரு மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல். இரண்டையும் கலந்த சொட்டைக் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, செறிந்த கரைசலுள்ள குழியின் மேல் காற்றுப் புகாமல் மூடுவோம். சொட்டின் நீர் ஆவியாகிக் குழிக்குப் போகும்.

ஐந்து மாதம் ஒன்றுமில்லை. ஒரு நாள் காலை, மைக்ராஸ்கோப்பில் வைரம் மாதிரி மின்னியது! ஆய்வகம் முழுக்க இனிப்பு கொடுத்தேன். எக்ஸ்ரே நிலையத்துக்கும் எடுத்துப் போனேன். புரதமென்றால் புள்ளிகள் நெருக்கமாக நூற்றுக்கணக்கில் வரும். எனக்கு வந்ததோ தூரத்தூரமாக நாலைந்து. அது உப்பு! என் நொதிக் கரைசலில் பாஸ்பேட், குழியில் கால்சியம். இரண்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று முதலாண்டு மாணவர்கூடச் சொல்லுவார்.

அன்று இரவு நினைவுக்கு வந்தது நம் கெமிஸ்ட்ரி லேப்தான். டைட்ரேஷன் முடித்து ரீடிங் காட்டினால் ஆசிரியர் கேட்பார்: "பிளாங்க் வச்சுப் பாத்தியாடா?" நொதியில்லாமல் ஒரு சொட்டு வைத்திருந்தால் அதிலும் அதே வைரம் மின்னியிருக்கும். மானம் தப்பியிருக்கும்.

பாஸ்பேட்டை விட்டேன். நொதியின் வாலில் ஆடிக்கொண்டிருந்த ஆறு ஹிஸ்டிடின்களை வெட்டினேன். ஒவ்வொரு தட்டிலும் பிளாங்க். 19-ஆம் நாள் சின்னச் சின்ன ஊசிகள். அவற்றைப் பொடித்து, புதுச் சொட்டுகளில் விதையாகத் தூவினோம். நல்ல படிகங்கள் வளர்ந்தன. இந்த முறை இனிப்பு வாங்கவில்லை. ஊசியால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். உப்பு என்றால் படக்கென்று உடையும். இது மெத்தென்று நசுங்கியது. பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும் புரதப் படிகம்!

உருவம் கிடைத்தது. நான் செய்த இரண்டு மாற்றங்களில் ஒன்று கணினி சொன்னபடி இருந்தது. மற்றது பக்கத்து வளையத்தையே இழுத்துப் போட்டிருந்தது. அதை விட்டுவிட்டு, முதலாவதை வைத்துத் தொடர்கிறோம்.

தம்பி தங்கையரே, உங்கள் கணினிகள் எங்கள் காலத்தைவிடக் கெட்டிக்காரக் கணினிகள். ஆனாலும் மின்னுவதைப் பார்த்ததும் இனிப்பு வாங்க ஓடாதீர்கள். முதலில் பிளாங்க் வையுங்கள்.