பல்லுக்கும் கடன் கேட்டேன்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். பேச்சில் தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கிணத்தடியில் வழுக்கி விழுந்ததில் என் முன்பல் ஒண்ணு வேரோட போயிடுச்சு. அப்போ நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். பேங்க் மேனேஜர்கிட்ட முந்தானையால வாயை மூடிக்கிட்டுத்தான் பேசுவேன். தாடை எலும்பில் திருகு வெச்சுப் பல் கட்டலாம்னு பல் ஆஸ்பத்திரியில் சொன்னாங்க. குழுவில் உள்கடன் கேட்டேன். “பல்லுக்குப் போய் கடனா? ஆடு வாங்கினா குட்டியாவது போடும்”னு ஒரு அக்கா சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் 20,000 ரூபாய்க்குத் தீர்மானம் போட்டாங்க.

டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. 1952-ல ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரானமார்க், ஆராய்ச்சிக்காக முயல் எலும்பில் வெச்ச டைட்டானியத்தைத் திரும்ப எடுக்கப் போனாராம். எலும்பு அதை விடவே இல்லையாம். 1965-ல மனுஷங்களுக்கே அப்படிப் பல் வெச்சார். இப்போ சிர்கோனியாங்கிற வெள்ளைப் பீங்கான் திருகும் வந்திருக்கு.

எதுவானாலும் மேல்பக்கம் வழவழன்னு இருந்தா எலும்பு நல்லாப் பிடிக்காதாம். நம்ம கொத்தனார் பழைய சுவரைக் கொத்திவிட்டுத்தானே பூச்சு பூசுவார்? அதே மாதிரி திருகு மேல பொடித்துகளை வேகமா அடிச்சு, அமிலத்தில் போட்டுச் சொரசொரப்பாக்குறாங்க. பீங்கான் ரொம்பக் கெட்டி, சொரசொரப்பாக்குறது கஷ்டம். அதனால நம்ம எலும்பில் இருக்கிற மாதிரியே கால்சியம் பாஸ்பேட்டை அது மேல பூசிப் பார்க்குறாங்க. எலும்பு சீக்கிரம் வந்து ஒட்டும்னுதான். ஆனா பூச்சு சரியா நிக்காம உரிஞ்சா, திருகோட பிடிப்பே போயிடும். நான் விலை குறைவுன்னு டைட்டானியமே வெச்சுக்கிட்டேன், மறைக்க என்ன இருக்கு.

இன்னொண்ணையும் மறைக்கல. எனக்கு வெத்தலையோட துளி புகையிலை போடுற பழக்கம் இருந்துச்சு. “எந்தப் பூச்சு பூசினாலும் புகையிலை போட்டா புண் ஆறாது, எலும்பு சேராது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லேன்னாலும் அப்படித்தான்”னு டாக்டரம்மா கண்டிச்சாங்க. எலும்பு சேர நாலு மாசம் காத்திருந்தேன். முதல் பத்து நாள் புகையிலை இல்லாம தலையே வெடிக்கிற மாதிரி இருந்துச்சு, வீட்டில் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். அதுக்கப்புறம்தான் மேல்பல் கட்டினாங்க.

கடனை 20 தவணையில் அடைச்சிட்டேன். அன்னைக்குக் கேள்வி கேட்ட அக்கா, போன மாசம் மாமியாருக்குப் பல் கட்டக் கடன் மனு கொடுத்திருக்காங்க. முதல்ல சர்க்கரை எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்கக்கான்னு சொல்லியிருக்கேன்.