மழை வேண்டுவோரும் வெயில் வேண்டுவோரும்

(பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகங்கள்: எசாயா 58:7-10, 1 கொரிந்தியர் 2:1-5, மத்தேயு 5:13-16)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம் சீடர்களை உப்பு என்கிறார். உப்பாக மாறுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை. நீங்கள் உப்பாகவே இருக்கிறீர்கள் என்கிறார். இதை வேறு ஊர்களில் விளக்க வேண்டுமானால், உப்பு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். முள்ளக்காடு தாண்டும்போதே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். பழையகாயல் கடந்து, முக்காணியில் ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால், ஆத்தூரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பச்சை. இன்னும் கொஞ்சம் போனால் ஆறுமுகனேரியில் மறுபடியும் வெள்ளை. கிழக்கே, தாமிரபரணி கடலில் விழும் இடத்தில், புன்னைக்காயலில் படகுகள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று தொழில், மூன்று வாழ்க்கை.

இந்த மூன்று தொழில் செய்கிறவர்களும் ஒரே கோவிலில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறார்கள். அவர்களுடைய செபத்தை ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். வயல் வைத்திருப்பவர் மழை கேட்கிறார். உப்பளத்துக்குப் போகிறவர் மழை வேண்டாம், வெயில் அடிக்கட்டும் என்கிறார். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசினால் பாத்தியில் உப்பு நன்றாக விளையும். அதே காற்றில் குலை தள்ளிய வாழை முறிந்து சாயும். அதே காற்றில் சிறிய படகு வைத்திருப்பவர் கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருப்பார். ஆக, ஒருவருடைய நல்ல காலம் இன்னொருவருடைய கெட்ட காலம்.

ஒரு புரட்டாசி மாதம், திருப்பலியில் மழைக்காக மன்றாடினோம். பூசை முடிந்ததும் உப்பளத்தில் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர் சாக்ரீஸ்து அறை வாசலுக்கு வந்தார். “சாமி, மழை பெய்யட்டும். ஊருக்குத் தண்ணி வேணும்ல. ஆனா கொஞ்சம் பிந்திப் பெய்யட்டும்னும் சேத்து வேண்டிக்கிடுங்க சாமி. இன்னும் ரெண்டு வாரம் உப்பு வாரிட்டம்னா தீவாளி வரைக்கும் ஓடிரும்” என்றார். தனக்கு வேண்டியதையும் கேட்கிறார். தனக்கு வேண்டாத மழை பக்கத்து வீட்டாருக்கு வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. கிறிஸ்தவ செபத்துக்கு இலக்கணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

உப்பு விளைவதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். சமையலறையில் உப்பு இல்லாத வீடு கிடையாது. ஆனால் அது விளைவதைப் பார்த்தவர்கள், உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களில்கூடக் குறைவுதான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் பகுதியில் நிலத்தடி உவர்நீரையும் கிணறு வெட்டியும் குழாய் இறக்கியும் எடுக்கிறார்கள். மழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் பாத்தியைச் சீர்செய்வார்கள். சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தளத்தை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். பிறகு தண்ணீரை ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்துக்கு விட்டு வெயிலில் வற்ற வைப்பார்கள். அதன் செறிவை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே காட்டும். 25 டிகிரி வந்தால்தான் உப்பு படியத் தொடங்கும். அதுவரை உப்பு தெரியாது, தண்ணீர்தான் தெரியும். அதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் தனியாகப் படிந்துவிடும். 30 டிகிரியை எட்டவிட்டால் கசப்பு கலக்கும். ஆகவே மிஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிட வேண்டும். எப்போது விட வேண்டும், எப்போது வடிக்க வேண்டும் என்பதில்தான் அந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

உப்பைப் படிய வைப்பது வெயிலும் காற்றும். ஆனால் பாத்தி மிதிக்காதவருக்கு வெயில் உப்புத் தராது. பாத்தி மிதித்தவருக்கும், மேகம் மூடினால் உப்பு கிடையாது. இதில் மனித உழைப்பு இவ்வளவு, இறைவனின் கொடை இவ்வளவு என்று வரப்புப் போட்டுப் பிரிக்க முடியாது. மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார்; மற்ற மூன்று நற்செய்திகளிலும் அது இல்லை. ஒருவர் விதைக்கிறார், தூங்குகிறார், எழுகிறார். விதை தானாக முளைத்து வளர்கிறது. எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. இறையாட்சி அப்படித்தான் வரும் என்கிறார். நாசரேத்து என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர் அல்லவா அவர்? புளிப்பு மாவு, விளக்குத் தண்டு, வலை, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது என்று அவர் கையாண்ட உவமைகள் எல்லாம் தெருவில் பார்த்தவை, வீட்டில் அம்மாவின் கையில் பார்த்தவை. அவர் நடமாடிய கலிலேயக் கடலோரத்தில் மீனுக்கு உப்பிடும் தொழில் பெரிதாக நடந்தது. மகதலா மரியாவின் ஊரைத்தான் கிரேக்கர்கள் மீன் உப்பிடும் இடம் என்ற பொருளில் தாரிக்கேயா என்று அழைத்தார்கள் என்பது அறிஞர் பலருடைய கருத்து. நம் கடற்கரையில் கருவாடு போடும் பெண்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

உப்பு உவர்ப்பற்றுப் போகுமா என்று பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்பதுண்டு. சுத்தமான உப்பு கெடாது. அந்தக் காலத்துப் பாலஸ்தீன உப்பில் மண்ணும் ஜிப்சமும் கலந்திருக்கும். ஈரம் பட்டால் உப்பு கரைந்து போய், வெள்ளையாக வேறு எதுவோ மிஞ்சும். பார்வைக்கு உப்பு, வாயில் வைத்தால் மண். நம் ஊரில் அம்பாரமாகக் குவித்த உப்பைப் பனையோலையோ தார்ப்பாயோ போட்டு மூடுவது எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு ஆண்டவரின் எச்சரிக்கை உடனே புரியும்.

உங்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் திருமுழுக்குப் பெற்ற நாளில் குருவானவர் உங்கள் நாவில் மந்திரித்த உப்பு வைத்திருப்பார். பழைய சடங்கு அது. 1969இல் குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கு திருத்தப்பட்டபோது விடப்பட்டது. உங்களுக்கு நினைவிருக்காது, முகம் சுளித்து அழுதிருப்பீர்கள். நம் முன்னோர்கள் இன்றைய நற்செய்தியை வாசித்துக் காட்டியதோடு நிற்கவில்லை. பிள்ளையின் நாக்கிலேயே வைத்துவிட்டார்கள்.

சரி, இயற்கையில் இறைவனைக் காணுங்கள் என்று மறையுரைகளில் நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பூக்களைப் பாருங்கள், பறவைகளைப் பாருங்கள், சூரியோதயத்தைப் பாருங்கள். சொல்லலாம், ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதியில் இருந்தவர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை கடந்தது. மழை வேண்டிய வயல்காரருடைய நெல்லும் வாழையும் நீரில் கிடந்தன. வெயில் வேண்டியவருடைய அம்பாரம் கரைந்து, பாத்தி சேறாகக் கிடந்தது. அன்று இயற்கை யாருடைய செபத்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. ‘சாமி, இதிலுமா கடவுளைப் பார்க்கச் சொல்றீங்க?’ என்று யாரேனும் கேட்டால், அந்தக் கேள்வியை நம்பிக்கைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். யோபு அதைவிடக் கடுமையாகக் கேட்டார்.

இன்றைய நற்செய்தி மலைப்பொழிவின் தொடக்கப் பகுதி. அதே அதிகாரத்தில், 45ஆவது வசனத்தில் ஆண்டவர் மழையைப் பற்றியே பேசுகிறார். வானகத் தந்தை நல்லவருக்கும் தீயவருக்கும் ஒன்றுபோலக் கதிரவனை உதிக்கச் செய்கிறார், நேர்மையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மழை பெய்விக்கிறார் என்கிறார். இதை ஏதோ வானிலைப் பாடம் என்று நினைத்துவிடக் கூடாது. பகைவரையும் அன்பு செய்யுங்கள் என்று சொன்ன கையோடு சொல்கிறார். யாருக்கு மழை தகும், யாருக்கு வெயில் தகும் என்ற கணக்கைத் தந்தை பார்ப்பதில்லை. பிள்ளைகளாகிய நீங்களும் அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள் என்பதுதான் அங்கே பேச்சு. வெள்ளம் வந்தால் அதில் அழுகிறவர் யார், நம் ஆளா, வேற்று ஆளா என்று பார்க்கக் கூடாது.

அந்த டிசம்பரில் நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனது. ஏறத்தாழ 800 பயணிகள். எல்லாப் பக்கமும் தண்ணீர். வெளியிலிருந்து உதவி வந்து சேருவதற்கு முன்பே பக்கத்தில் புதுக்குடிக் கிராமத்து மக்கள் வந்தார்கள். அவர்களுடைய ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது. வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து, தங்கள் அம்மன் கோவிலில் உலை வைத்து, முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு போட்டார்கள். பசித்தோருக்கு உன் உணவைப் பகிர்ந்து கொடு, அப்போது உன் ஒளி விடியல் போல் எழும் என்ற பொருளில் எசாயா இன்று முதல் வாசகத்தில் பேசுகிறார். எசாயாவை வாசித்தவர்கள் நாம். செய்து காட்டியவர்கள் அவர்கள். இதைச் சொல்ல ஒரு கத்தோலிக்கக் குருவுக்குக் கூச்சம் வேண்டியதில்லை. மற்றவர்கள் உங்கள் நற்செயல்களைக் கண்டு தந்தையைப் போற்றட்டும் என்று ஆண்டவர் சொன்னபோது, பிறருடைய நற்செயலைக் கண்டு நாம் தந்தையைப் போற்றக் கூடாது என்று சொல்லவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த ரயிலில் இருந்தவர்கள் புதுக்குடியை மறக்கமாட்டார்கள். ஆனால் நமக்கு உண்மையாகவே உப்பிட்டவர்கள் யார்? விடியுமுன் இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து பாத்தியில் இறங்குகிறவர்கள். வெயில் ஏறினால் வெள்ளை உப்பிலிருந்து எழும் ஒளி கண்ணைத் தாக்கும். உவர்நீரிலேயே நிற்பதால் பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு இறங்கி எரியும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. நல்ல காரியம்; மூன்று மாதத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கதிரவனைச் சகோதரன் என்று பாடினார் என்பது நமக்குத் தெரியும். அதைப் பாடிய 1225ஆம் ஆண்டளவில் அவருக்குக் கண் நோய் முற்றியிருந்தது, பகல் வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் இருட்டறையில் கிடந்தார் என்பது பலருக்குத் தெரியாது. வெளிச்சம் குத்திய கண்ணோடுதான் அவர் வெளிச்சத்தைக் கொடுத்தவரைப் போற்றினார். அவர் பெயரை ஏற்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், பூமியின் கதறலையும் ஏழையின் கதறலையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். உப்பளத்து வரப்பில் நின்றால் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகின்றன.

இன்னும் பத்து நாள்களில் சாம்பல் புதன். தவக்காலத்தில் காபி, அசைவம், தொலைக்காட்சித் தொடர் என்று எதையாவது விடுவோம். இந்த ஆண்டு அன்பியத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விட்டதால் மிஞ்சும் பணத்தை அன்பியத்துக்கு ஓர் உண்டியலில் போடுங்கள். பாஸ்காவுக்குத் திறக்க வேண்டாம். ஐப்பசி முதல் மழை விழுந்து, பாத்திகளில் வேலை நின்ற வாரம் திறங்கள். உங்கள் பகுதியில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வின்சென்ட் தே பவுல் சபையாருக்குத் தெரியும். அந்த வீடு எந்தச் சமயத்து வீடு என்று கேட்காமல் கொடுங்கள். உப்பளம் இல்லாத ஊரில் இருந்து கேட்கிறவர்களே, உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு தொழில் ஏதோ ஒரு மாதம் நிற்கும். தறியோ, செங்கல் சூளையோ, கடலோ. அது எந்த மாதம் என்று விசாரித்து வையுங்கள்.

கண் பரிசோதனைக்கும், உப்பளத்துப் பக்கம் நிழல் கொட்டகையும் குடிதண்ணீரும் அமைப்பதற்கும் பங்குப்பேரவையில் பேசப் போகிறோம். உதவ முடிந்த மருத்துவர்கள், கொத்தனார்கள் உங்கள் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுங்கள்.

ஆண்டவர் உங்களையும், வயலிலும் அளத்திலும் கடலிலும் இந்நேரம் வேலையில் இருப்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.