துறைமுகக் குமாஸ்தாவின் முதல் வாரங்கள்

(மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் மூவருக்கும் சங்கத்தின் சார்பில் நடந்த வழியனுப்பு நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் 34 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் கடைசி ஆறு வருஷம் கல்விக்கடன் மேஜை. இவர் மைக்கைப் பிடித்தால் வட்டி, ஜாமீன், தவணை என்று ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து சிலர் கடைசி வரிசைக்குப் போயிருப்பது தெரிகிறது. முன்னால் வரலாம். அதெல்லாம் இன்று இல்லை.

இன்னொரு குமாஸ்தாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அவரும் கணக்குப் பிரிவுதான். வேலை பார்த்தது துறைமுகத்தில். ஆனால் நம்ம ஊர்த் துறைமுகம் இல்லை, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட். பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பி.காம். படித்தவனுக்குக் கூட்டல் கழித்தலும் வட்டி விகிதமும்தான் தெரியும். அவர் கேம்பிரிட்ஜில் போய் இறங்கிய முதல் வாரங்களில் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் மூன்று வீட்டுக்காரர்களுக்கும் இந்த மாதம் அதுதானே கவலை.

1912-இல் போர்ட் டிரஸ்டில் சேர்ந்தபோது அவருக்கு மாதச் சம்பளம் 30 ரூபாய். 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்குத் தன் கணக்குகளை எழுதி அனுப்புகிறார். அதில் தன் சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டு என்று எழுதியிருக்கிறார். அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். மாதம் 30 என்றால் வருஷத்துக்கு 360, அதாவது 24 பவுண்டு வர வேண்டும். உலகமே வியக்கும் கணித மேதை தன் சம்பளத்தில் நாலு பவுண்டைக் குறைத்து எழுதியிருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வந்ததை எழுதினாரோ என்னவோ. பழைய குமாஸ்தா கண்ணில் இதுதான் முதலில் படுகிறது, மன்னிக்கவும்.

அடுத்த வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு இங்கிலாந்து போக உதவித்தொகை கொடுத்தது. வருஷத்துக்கு 250 பவுண்டு, இரண்டு வருஷத்துக்கு. கப்பல் செலவு, துணிமணிக்குத் தனியாகப் பணம். அதில் மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்தில் இருந்த பெற்றோருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். பிறகு டிரினிட்டி கல்லூரியும் வருஷத்துக்கு 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. ஆகவே அவருக்குப் பணத்தில் குறை இருக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் மேஜையில் நான் பார்த்த எல்லாப் பெற்றோரும் பணம் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1914 மார்ச் 17-ஆம் தேதி எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து புறப்பட்டது. குடுமியை எடுத்தாகிவிட்டது. காலுக்கு ஷூ, கழுத்துக்கு காலர், கையில் முள்கரண்டி. அந்தக் கோலத்தைத் தாயாரும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று முன்பே அவர்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கொழும்பு வரை கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு வரை மெட்ராஸ்காரர்கள் கொழும்பு போக வேண்டுமென்றால் ரயிலில் நம்ம தூத்துக்குடிக்கு வந்து இங்கிருந்துதான் கப்பல் ஏறுவார்கள். அந்த பிப்ரவரியில்தான் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்து நம்ம ஊர் வழி பின்னுக்குப் போனது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, லண்டனில் இறங்குகிறார். துறைமுகத்தில் நெவில் காரோடு காத்திருக்கிறார். இந்த நெவில் யார் என்றால், அந்த வருஷத் தொடக்கத்தில் சென்னையில் சொற்பொழிவாற்ற வந்து, ராமானுஜனைச் சந்தித்துப் பேசி, வர வைத்த இளம் கணிதப் பேராசிரியர். லண்டனில் இந்திய மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சில நாள். பிறகு நேராகக் கேம்பிரிட்ஜில் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏப்ரல் 18 முதல் ஜூன் வரை ராமானுஜன் இருந்தது நெவிலும் அவர் மனைவியும் குடியிருந்த வீட்டில். செஸ்டர்டன் சாலை, ஆற்றங்கரை ஓரம்.

அந்த ஏழெட்டு வாரங்கள் நன்றாகவே போயிருக்கின்றன. ஷூ கடித்தது, சாப்பாடு இறங்கவில்லை, குளிர். அதெல்லாம் உண்டு. ஆனால் இவர் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வீடு இருந்தது. 26 வருஷம் திறந்தே கிடந்த கால்கள் ஷூவுக்குள் பட்ட பாட்டைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவரே நெவில்தான். ஒரே வீட்டில் இருந்தவருக்குத்தான் அது தெரியும். ஜூனில் ராமானுஜன் ஊருக்கு எழுதிய கடிதத்தில், ஹார்டி, நெவில் எல்லாரும் பந்தா இல்லாத அன்பானவர்கள் என்ற பொருளில் எழுதுகிறார்.

வேலையும் சூடு பிடித்தது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவர் நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். சிலது தப்பு, சிலது ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடித்தது, மீதி யாரும் பார்க்காதது. பெர்ரி என்ற பேராசிரியரின் வகுப்பில் ஒருநாள் ராமானுஜன் முகம் பளிச்சென்று இருந்ததாம். ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டதும் எழுந்து போய், பேராசிரியர் இன்னும் நிரூபித்துக் காட்டாத முடிவுகளைப் பலகையில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அந்த நவம்பரில் ஊர் நண்பருக்கு எழுதும்போது, பழைய நோட்டுப் புத்தகத்தில் உள்ளதை யுத்தம் முடியும் வரை வெளியிடப்போவதில்லை, இங்கே வந்து இவர்கள் முறைகளைக் கற்றுக்கொண்டேன், அதைக் கொண்டு புதிதாகச் செய்து பார்க்கிறேன் என்கிறார். ஊரில் மூவாயிரம் சேர்த்து வைத்தவர் போன இடத்தில் மறுபடி மாணவராக உட்கார்ந்துவிட்டார். உங்களில் சிலருக்கும் முதல் செமஸ்டரில் இது நடக்கும். இங்கே பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவன் அங்கே மூன்று பேர் குழுவில் மூன்றாமவனாக இருப்பான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூனில் ராமானுஜன் நெவில் வீட்டிலிருந்து டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவல்ஸ் கோர்ட் என்ற கட்டடத்தில் ஓர் அறைக்குக் குடிபோனார். ஏன் என்றால் ஹார்டியின் அறைக்கு அது ஐந்து நிமிட நடை. வேலைக்கு வசதி. நம் பிள்ளைகளும் இப்படித்தான் விடுதி பார்க்கிறார்கள், டிபார்ட்மெண்டுக்கு எவ்வளவு தூரம் என்று. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 4, இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கியது.

இனி அவருக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சாப்பாடு. கல்லூரி உணவுக்கூடத்தில் காய்கறியைக்கூட நம்பிச் சாப்பிட மாட்டார், எந்தக் கொழுப்பில் வதக்கினார்களோ என்று. தானே சமைப்பார். வேலை ஓடும்போது சமையல் நினைவே இருக்காது. வருகிற வருஷம் ஊருக்கு எழுதும் கடிதத்தில் புளியும் தேங்காய் எண்ணெயும் கேட்கிறார், புளி கொட்டை எடுத்ததாக இருக்கட்டும் என்று. படித்தபோது என் மனைவி சொன்னாள், அவர் அம்மா அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டாள் என்று.

கேம்பிரிட்ஜில் அப்போது மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்த அதே மகலனோபிஸ். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனால், மனுஷன் நெருப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி குளிர் தாங்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாகப் பதில். கம்பளி இல்லையோ என்று உள்ளே போய்ப் பார்க்கிறார். கட்டிலில் கம்பளிகள் ஒன்றுக்கு இரண்டாக இருக்கின்றன. அவற்றை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, மேலே விரிப்புப் போட்டு வைத்திருந்தார்கள், அந்த ஊர் வழக்கப்படி. அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் கம்பளிக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் விரித்துக் காட்டிக்கொடுத்தார்.

இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அநேகமாகத் தினமும் ஹார்டியோடு உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களைக் காட்டியவர். ராத்திரி குளிருகிறது என்று ஹார்டியிடம் அவர் சொன்னதாக எங்கும் காணோம். கேட்டால் அசிங்கம் என்று நினைத்திருப்பார். ஹார்டியும் கெட்டவர் இல்லை. கணக்கைத் தவிர எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நம்ம ஊரில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனாலும் கதை இன்னும் உண்டு. உள்ளே இறங்குகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது, கண்ணை எடுக்க மாட்டான். நெவில் வீட்டை விட்டு அறைக்கு மாறியபோது ராமானுஜனுக்கு முத்து இன்னும் கிட்டத்தில் வந்தது. கயிறு யார் கையிலும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் வீட்டுக் கதை.

என் மகன் 2014 அக்டோபரில் ஜெர்மனி போனான். கடனை நானே பார்த்துப் பார்த்து முடித்தேன், ஒரு காகிதம் குறையவில்லை. போன மூன்றாம் வாரமே மூன்று பேர் குழுவில் ஒரு புராஜெக்ட். பேராசிரியர் பாராட்டினார் என்று போனில் சொன்னான். இந்தக் குடியிருப்பில் எத்தனை பேரிடம் நான் அதைச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அவன் அம்மா தினமும் கேட்பாள், "சாப்பிட்டியாய்யா?" அவனும் தினமும் சொல்வான், "சாப்பிட்டேம்மா."

நடந்தது என்னவென்றால், விடுதிக்குப் போன நாலாம் நாள் பொதுச் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்திருக்கிறான். மிளகாய் வற்றல் புகையில் தீ எச்சரிக்கை மணி அலறி, நாலு மாடியும் ராத்திரியில் தெருவுக்கு வந்து நின்றிருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்தால் பணம் கட்டச் சொல்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அதோடு சமையலறைப் பக்கமே போகவில்லை. ஐந்து வாரம் ரொட்டி, வாழைப்பழம், நாங்கள் கொடுத்துவிட்ட மக்ரூன். இட்லிப்பொடியை ரொட்டியில் தடவிக்கொண்டானாம். ஒன்பது கிலோ இறங்கிவிட்டான். வீடியோவில் பேசும்போது விளக்கைப் பின்னால் வைத்துக்கொள்வான், முகம் தெரியாது. நான் நெட் சரியில்லை என்று நினைத்தேன்.

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. அங்கே கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவனை நிறுத்தி, "தம்பி, சாப்பாட்டுக்கு என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பையன் கடையிலேயே அழுதுவிட்டான். புகைபோக்கி விசிறியைப் போடு, சன்னலைத் திற, கதவைச் சாத்து, பிறகு தாளி என்று அவர் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவுதான் விஷயம்.

நமக்கு "சாப்பிட்டியா" என்பது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. அதற்கு "ஆச்சு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பிறகு என் மனைவி கேள்வியை மாற்றிவிட்டாள். என்ன சமைத்தாய், அரிசி எங்கே வாங்கினாய், குக்கர் யாருடையது, மிச்சத்தை எங்கே வைத்தாய். முதலில் எரிச்சல்பட்டான். பொய் சொல்ல நாலு பதில் தயாரிக்க வேண்டுமே.

ராமானுஜனுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். 1917-இல் படுக்கையில் விழுந்தார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருஷம் டிரினிட்டி ஃபெல்லோ. 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார், வயது 32. நோய்க்குக் காரணம் சாப்பாடு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, பல்கலைக்கழகம் புதிதாக அறிவித்த 250 பவுண்டுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுண்டு போக, தன் அவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழை மாணவர்கள், அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். பணம் மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புறப்படும் மூவருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். நம் குடியிருப்பிலிருந்து முன்பே போன பிள்ளைகளில் டப்ளினில் ஒருவர், மூனிக்கில் இருவர், டொரன்டோவில் ஒருவர். அவர்கள் சம்மதத்தோடு எண்கள் அதில் இருக்கின்றன. பி பிளாக் அண்ணாச்சியின் பேத்தி டப்ளின் போவதால் அங்கே இருப்பவரிடம் நானே பேசிவிட்டேன். முதல் சனிக்கிழமை அவர் அறைக்கு வந்து அடுப்பையும் ஹீட்டரையும் பார்த்துவிட்டுப் போவார். வேண்டாம் தாத்தா என்று சொன்னாள். வருவார்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது. மக்ரூன் இரண்டு டப்பா இருக்கிறது, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்ததைத் தொட வேண்டாம்.