இரண்டு வெப்பமானிகளும் ஒரு கேள்வியும்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியது)



ஏற்காடு மலைப்பாதையில் மேல் கியரிலேயே பைக்கை இழுத்து ஏற்றினால் இன்ஜினுக்குள் ‘டக் டக்’ என்று தட்டும். நம் பிள்ளைகள் அதற்கு ‘நாக்கிங்’ என்று பெயரும் சொல்வார்கள். பாடத்தில் ஆக்டேன் எண் வரும்போது நாமோ அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த வரிக்குள் நோயறியும் முறை ஒன்று இருக்கிறது. அதைக் காட்ட, காமலாபுரத்தில் இறங்கும் பெரிய விமானம் உதவாது. பெட்ரோலில் ஓடும் செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானம்தான் வேண்டும். அதில் காற்றாடியின் இரைச்சலில் அந்தத் தட்டல் விமானியின் காதில் விழாது. காது உதவாதபோது எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

முதலில், கோளாறு ஒன்றல்ல, இரண்டு. ஸ்பார்க் பிளக் பொறி விட்ட பிறகு சுடர் சீராகப் பரவ வேண்டும். சுடர் போய்ச் சேருமுன், மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாக ஒரே நொடியில் வெடித்தால் அது டெட்டோனேஷன். பொறி வருவதற்கு முன்பே, கனன்று கிடக்கும் கரித்துண்டோ விரிந்த பிளக் பீங்கானோ கலவையைப் பற்றவைத்தால் அது ப்ரீ-இக்னிஷன். மேலேறும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். இரண்டில் இதுவே கொடியது. சில நிமிடங்களுக்குள் பிஸ்டனில் ஓட்டை விழலாம்.

இரண்டிலுமே சிலிண்டர் ஹெட்டின் வெப்பநிலை ஏறும், வெளியேறும் புகையின் வெப்பநிலை இறங்கும். பிள்ளைகளுக்கு இது முரணாகத் தோன்றும். தோன்றட்டும், அவசரப்பட்டு விளக்க வேண்டாம். வெப்பம் சீக்கிரமே சிலிண்டர் சுவருக்குள் போய்விடுவதால் புகைக்கு மிஞ்சுவது குறைவு.

ஒரே சிலிண்டரில் மட்டும் முள் விறுவிறுவென ஏறினால் ப்ரீ-இக்னிஷனைச் சந்தேகிக்கலாம். முழு வேகத்தில் பல சிலிண்டர்கள் சேர்ந்து சூடேறினால் எரிபொருளையும் கலவையையும் பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே எல்லாமே அப்படியென்றால், பொறி விடும் நேரம் முந்திப் போயிருக்கலாம். விமானி உடனே வேகத்தைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் கூட்டி, மூக்கைத் தாழ்த்துவார். மற்றதைத் தரையில் பார்த்துக்கொள்ளலாம்.

தரையில்தான் சிக்கல். கழற்றிய பிளக்கின் பீங்கான் உடைந்திருக்கிறது. அது ப்ரீ-இக்னிஷனுக்குக் காரணமா, டெட்டோனேஷன் அதை உடைத்ததா? ஒன்று மற்றொன்றைக் கொண்டுவரவும் செய்யும். எது முதலில் என்று கேட்காமல் புது பிளக் மாட்டி அனுப்பினால், கோளாறு விமானத்தோடு மேலேறும்.

எரிபொருள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இவ்வகை இன்ஜின்களுக்கு உரிய ஏவிகேஸ் 100எல்எல் நீல நிறம் கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்ததை 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகம் செய்தது. தவறி ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டால், அது மண்ணெண்ணெய் இனம். ஆக்டேன் எண் மிகக் குறைவு. குழாயில் மிஞ்சிய பெட்ரோலில் விமானம் கிளம்பியும் விடும், டெட்டோனேஷன் மேலே போனபின் வரும். அதனால்தான் பறக்குமுன் டேங்கிலிருந்து கொஞ்சம் வடித்து நிறம் பார்க்கிறார்கள். கலந்திருந்தால் நிறம் மட்டும் காட்டிக்கொடுக்காது. வாசனையும் பார்க்க வேண்டும்.

வகுப்பில் கொடுக்க ஒரு கேள்வி: இவ்விமானங்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று வேலை செய்யாவிட்டால் புகையின் வெப்பநிலை ஏறும், ஹெட்டின் வெப்பநிலை சற்று இறங்கும். முன்பு சொன்னதற்கு நேர்மாறு. ஒற்றைச் சுடர் மெதுவாகப் பரவுவதால், வால்வு திறக்கும்போதும் வாயு சூடாகவே வெளியேறுகிறது என்ற விடையை ஒரு பாடவேளைக்குள் யாராவது ஒரு பிள்ளை எட்டிவிடும்.